நிலம் பழசு; ஆட்டம் புதுசா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த பையன் ஒருவனின் தகப்பனார் வந்து எதிரே உட்கார்ந்தார். முன்பு எங்கள் தோட்டத்தில் இருந்தவர். இப்போது துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார், அடுக்குமாடியில் குடியிருக்கிறார். முகத்தில் ஏதோ சங்கடம் தெரிந்தது.

"சார், ஒரு விஷயத்தை நீங்கதான் தீர்த்து வைக்கணும். மகன் என்னை ஏமாத்துறானா, இல்லே எனக்குத்தான் ஒண்ணும் புரியலையா, தெரியல."

"என்ன விஷயம், சொல்லுங்க."

"போன தீபாவளிக்கு கம்ப்யூட்டர்ல விளையாட ஒரு கேம் வாங்கிக் கொடுத்தேன். இப்ப அதே கேமுக்கு மறுபடியும் காசு கேக்குறான். ஏண்டான்னு கேட்டா, 'அதுக்கு இன்னொரு பகுதி இருக்குப்பா, அது வேற மாதிரி'ங்கிறான். நானும் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அதே காடு, அதே வீடு, அதே ஆளுங்க. ஒரு தடவை காசு கொடுத்த பொருளுக்கு ரெண்டாம் தடவை எதுக்கு சார் காசு?"

பையன் அன்றிலிருந்து அப்பாவோடு பேசவில்லையாம். அப்பாவும் கம்ப்யூட்டரை விற்றுவிடப் போவதாகச் சொல்லிவிட்டாராம். கேட்ட தொகை பெரிதில்லை. ஆனால் 'பொய் சொல்கிறான்' என்று தகப்பனும், 'நம்பவில்லையே' என்று மகனும் நினைத்துவிட்டால், அந்த வீட்டில் நஷ்டப்படுவது பணம் மட்டும்தானா?

எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி அன்று அதிகம் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்வது ஆசிரியனுக்கு அழகில்லை. "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பையன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை ஒருநாள் வரலாம். ஏற்கெனவே வந்தும் இருக்கலாம்.

அடுப்படி இழுப்பதும் வீடு கட்டுவதும்

கணினி விளையாட்டு ஒன்று வெளிவந்து நன்றாக விற்றால், அதைத் தயாரித்தவர்கள் சில மாதமோ சில வருடமோ கழித்து அதற்கு ஒரு கூடுதல் பகுதியை வெளியிடுவார்கள். புதிய ஊர்கள், புதிய படைகள், புதிய கதை என்று அதில் இருக்கும். இதை விரிவாக்கம் என்று சொல்லலாம். பழைய விளையாட்டு கையில் இருந்தால்தான் இது ஓடும். நம் லயத்து வீட்டின் பின்புறம் தகரம் போட்டு ஓர் அடுப்படியை இழுத்துக்கொள்வோமே, அது மாதிரி. வீடு இல்லாமல் அந்த அடுப்படி நிற்காது.

இரண்டாம் பாகம் என்பது வேறு. அது தனி வீடு. தனிக் கூரை, தனி வாசல். பழையதை வாங்காதவனும் இதை வாங்கி விளையாடலாம்.

இதுவரை குழப்பம் இல்லை. ஆனால் சில சமயம், பின்னால் இழுத்த அடுப்படி வீட்டையே மாற்றிவிடுகிறது. வாசல் திசை மாறி, புழங்கும் இடம் மாறி, 'இது நம் பழைய வீடுதானா?' என்று கேட்க வைக்கிறது. அப்படியானால் எந்த இடத்தில் அது பழசு இல்லாமல் புதுசாகிறது? எதை வைத்து அளப்பது?

ஒரு வலை செய்த வேலை

கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, நம் கண்ணெதிரே இருக்கும் ஒரு விளையாட்டைப் பாருங்கள். செப்பாக் ராகா என்பது மலாய்க் கம்பங்களில் மிகப் பழைய ஆட்டம். பிரம்பில் பின்னிய பந்து. ஆட்டக்காரர்கள் வட்டமாக நின்று, கை படாமல், பந்து கீழே விழாமல் காலாலும் தலையாலும் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வட்டத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே நோக்கம்தான்: பந்து விழக்கூடாது.

1940-களில் பினாங்கில் சிலர் நடுவே ஒரு வலையைக் கட்டி ஆடத் தொடங்கினார்கள். பந்து அதே பந்து. கால் அதே கால். சேர்ந்தது ஒரு வலை மட்டும்தான். ஆனால் ஆட்டமே தலைகீழாகிவிட்டது. பந்து விழக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து பாடுபட்ட இடத்தில், எதிராளி பக்கம் பந்தை விழவைப்பதே வெற்றி என்றாயிற்று. பக்கத்துக்கு மூன்று பேர் என்றானது. 1965-ல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் அது இடம்பெற்றது. மலாய்ச் சொல் பாதி, தாய்லாந்துச் சொல் பாதியாகச் செப்பாக் தக்ரா என்று பெயரும் பெற்றது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டி வரை போய்விட்டது.

வட்டத்தில் நின்று நூறு முறை தட்டக் கூடிய கெட்டிக்காரனை வலைக்கு முன்னால் நிறுத்துங்கள். பந்தைப் பதமாக மேலே தூக்கத் தெரியும். ஆனால் எகிறிச் சுழன்று வலைக்கு அப்பால் அறையத் தெரியாது. அவன் முதலிலிருந்து கற்க வேண்டும்.

அளவுகோல் இங்கேதான் இருக்கிறது, அன்பர்களே. எத்தனை பொருள் கூடியது என்று எண்ணிப் பயனில்லை. பழைய ஆட்டத்தில் நீங்கள் பழகிய பழக்கம் இங்கே செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். செல்லுமானால் அது பழைய ஆட்டத்தின் நீட்சி. செல்லாவிட்டால், பெயர் என்னவாக இருந்தாலும் அது புது ஆட்டம்.

மேல்தோலும் உள்விதியும்

இந்த அளவுகோலைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். 1998-ல் அமெரிக்காவில் ஸ்டார்கிராஃப்ட் என்ற போர் விளையாட்டு வெளிவந்தது. மூன்று இனங்கள் விண்வெளியில் சண்டை போடும் கதை. அந்த ஆண்டு முடிவதற்குள் புரூட் வார் என்ற விரிவாக்கம் வந்தது. எண்ணிப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்த படைவகைகள் 7 மட்டுமே. ஆனால் அவற்றில் ஒன்று, காயம்பட்ட வீரர்களுக்கு அங்கேயே சிகிச்சை செய்யும் மருத்துவர். இன்னொன்று, மண்ணுக்குள் புதைந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாமல் தாக்கும் ஜந்து. முன்பு சீக்கிரம் செத்து விழுந்த காலாட்படை, மருத்துவர் வந்தபின் நின்று தாக்குப்பிடித்தது. முன்பு தைரியமாக நடந்துபோன வழியில், இப்போது தரைக்குள் என்ன இருக்குமோ என்று சோதித்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. பழைய திட்டங்களை ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டி வைத்தார்கள். தென்கொரியாவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பி, சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்து வருடக்கணக்கில் ஆடியது இந்த விரிவாக்கத்தைத்தான். பெயருக்கு அடுப்படி, உண்மையில் அதுவே வீடாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே விளையாட்டுக்கு நடந்தது. 2017-ல் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். படங்கள் எல்லாம் புதிதாக வரையப்பட்டன. பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்குப் பளபளப்பு. அந்தச் சித்திர வேலையில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்த லெமன் ஸ்கை என்ற நிறுவனத்தின் கலைஞர்களுக்கும் பங்குண்டு. ஆனால் விதிகளில் கை வைக்கவில்லை. இருபது வருடப் பழக்கம் கொண்ட ஆட்டக்காரன் முதல் நாளே பழையபடி ஆடினான். தோல் முழுக்கப் புதுசு, ஆட்டம் பழசு.

பிரிக்பீல்ட்ஸ் போய் வருகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 2010-ல் அந்த வட்டாரத்தை லிட்டில் இந்தியா என்று அறிவித்தார்கள். வளைவு வந்தது, வண்ணம் வந்தது. ஆனால் பூக்கடை தேடிப் போனவர் பழைய பழக்கத்திலேயே கால் போன போக்கில் போய்ச் சேர்ந்தார். அது மேல்தோல். அதற்கு முன்பு, 2001-ல், பழைய ரயில்வே நிலத்தில் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டதே, அது வேறு விஷயம். ரயில்வே தொழிலாளர்களின் இடமாக இருந்தது, நாட்டின் ரயில் பாதைகள் பல வந்து கூடும் இடமாக மாறியது. ஹோட்டல்களும் அலுவலகங்களும் எழுந்தன. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட வழி கேட்க வேண்டி வந்தது. அது விதி மாற்றம்.

ராஜேந்திர சோழன் வந்த கதை

இனி அந்தப் பையன் கேட்ட விளையாட்டுக்கு வருவோம். அதன் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், இரண்டாம் பாகம். 1999-ல் முதலில் வந்தது. மரம், உணவு, பொன், கல் இந்த நான்கையும் சேகரித்து, ஊர் அமைத்து, படை திரட்டி, எதிரியை வெல்ல வேண்டும். முதலில் 13 நாகரிகங்கள் இருந்தன. 2000-ஆம் ஆண்டு வந்த விரிவாக்கம் 5-ஐச் சேர்த்தது. பிறகு பல வருடம் சும்மா கிடந்து, 2013-க்குப் பின் மறுபடி விரிவாக்கங்கள் வரத் தொடங்கின. அந்த 2013 விரிவாக்கத்தில்தான் இந்தியர்கள் என்ற பெயரில் நம் முன்னோர் நாடு உள்ளே வந்தது. 2016-ல் வந்ததில் மலாய்க்காரர்கள், கெமர், பர்மியர், வியட்நாமியர் வந்தார்கள். 2019-ல் முழுதும் புதுப்பித்த பதிப்பு வந்தது. 2022 ஏப்ரலில் இந்திய அரச வம்சங்களைப் பற்றிய விரிவாக்கம் வெளிவந்தது. பையன் கேட்டது இதைத்தான்.

"ஏம்பா இது வேணும்?" என்று கேட்டேன்.

"சார், இதுல ராஜேந்திர சோழன் வர்றார்" என்றான். சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டுமே!

அதுவரை அந்த விளையாட்டில் தமிழர், வங்காளி, குஜராத்தி எல்லாருக்கும் 'இந்தியர்' என்று ஒரே பெயர். 2022-ல் அதைப் பிரித்தார்கள். திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று மூன்று நாகரிகங்கள் புதிதாக வந்தன. பழைய 'இந்தியர்' இந்துஸ்தானியர் என்று பெயர் மாறினர். திராவிடர் படையில் உருமி சுழற்றும் வீரர்கள் இருக்கிறார்கள். திரிசடை என்ற போர்க்கப்பல் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கதை தனித் தொடராக வருகிறது.

1025-ல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பியதும், கடாரம் முதலான ஊர்களை வென்றதும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ளன. அந்தக் கடாரம்தான் நம் கெடா. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்போது அந்தப் பையன் கொட்டாவி விட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்று அவனே என்னிடம், "அந்தக் கல்வெட்டுல வேற எந்த ஊர் பேரெல்லாம் இருக்கு சார்?" என்று கேட்கிறான்.

சரி, நம் அளவுகோல் என்ன சொல்கிறது? "நீ பழகினதெல்லாம் இதுலே உதவுமா?" என்று கேட்டேன். பையன் யோசித்துப் பதில் சொன்னான்: "முக்கால்வாசி உதவும் சார். மரம் வெட்டுறது, வயல் போடுறது, கோட்டை கட்டுறது எல்லாம் அதேதான். ஆனா நான் எப்பவும் கனத்த குதிரைப்படையை வெச்சுத்தான் ஜெயிப்பேன். திராவிடருக்கு அந்தக் குதிரை வீரர் கிடையாது. காலாளு, யானை, கப்பல் இதை வெச்சுத்தான் ஜெயிக்கணும். அதை மட்டும் புதுசா பழகணும்."

இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. அப்படியானால் அது நீட்சிதான். இரண்டாம் பாகம் இல்லை. அப்பா சொன்னதும் சரி: அது அதே கேம்தான். மகன் சொன்னதும் சரி: அதில் கற்க வேண்டியது புதிதாக இருக்கிறது. இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசியிருக்கிறார்கள். ஒரே பொருளை ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்திருக்கிறார்கள்.

அதே நாடு, வேறு கை

சில விரிவாக்கங்கள் வளர்ந்து வளர்ந்து தனி வீடாகவே ஆகிவிடுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு சிறு குழுவினர் 2017-ல் ஹாலோ நைட் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குக் கூடுதல் பகுதியாக இன்னொரு கதாபாத்திரத்தை வைத்து ஆட வழி செய்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். செய்யச் செய்ய வேலை பெருகியது. அந்தக் கதாபாத்திரம் ஓடுவது வேறு, குதிப்பது வேறு, சண்டை போடுவது வேறு. பழைய உலகத்துக்குள் அவளை அடக்க முடியவில்லை. 2019-ல், இது விரிவாக்கம் இல்லை, தனி விளையாட்டு என்று அவர்களே அறிவித்தார்கள். சில்க்சாங் என்ற அது 2025 செப்டம்பரில்தான் வெளிவந்தது.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் இன்னொரு விதமாக நடந்தது. 2017-ல் செல்டா வரிசையில் ஒரு விளையாட்டு வந்தது. அதற்குக் கூடுதல் பகுதியாகச் செய்ய நினைத்த யோசனைகள் மிகுந்துபோய், 2023-ல் தனி விளையாட்டாக வெளிவந்தன. வேடிக்கை என்னவென்றால், நாடு பெரும்பாலும் அதே நாடு. அதே மலை, அதே ஆறு. ஆனால் கதாநாயகனின் கைக்குப் புதுச் சக்தி வந்துவிட்டது. பலகையையும் சக்கரத்தையும் ஒட்டி வண்டி செய்யலாம், படகு செய்யலாம். முன்பு ஏறிக் கடந்த மலையை இப்போது பறந்து கடக்க வழி தேடலாம். நிலம் பழசு; கை புதுசு; ஆகவே ஆட்டமும் புதுசு.

இதைப் படித்தபோது எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவின் கை

என் தகப்பனார் பால்மரம் வெட்டுவதில் பெயர் எடுத்தவர். விடியுமுன் பெரட்டு முடிந்து, இருட்டிலேயே தன் நிரைக்குப் போய்விடுவார். கத்தியை வைத்தால் பட்டை மெல்லிய சீவலாகச் சுருண்டு விழும். உள்மரத்தில் ஒரு கீறல் படாது. அப்பா வெட்டிய மரத்தை அடையாளம் சொல்லலாம் என்பார்கள்.

ரப்பரிலும் விரிவாக்கங்கள் வந்தன. அதிகப் பால் தரும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்களை நட்டார்கள். மங்கு நிறைந்தது, காண்டா வாளி கனத்தது. ஆனால் கத்தி அதே கத்தி. பழகிய கை அப்படியே உதவியது.

பிறகு, எண்பதுகளின் இறுதியில், எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனை இந்த நாட்டுக்குப் புதிதில்லை. வியாபார முறையில் அது முதன்முதலில் நடப்பட்டதே நம் சிலாங்கூரில்தான். 1917-ல், கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் என்ற தோட்டத்தில். ஆனால் என் தகப்பனாருக்கு அது புதிது.

தோட்டத்தின் பெயர் மாறவில்லை. லயம் மாறவில்லை. பெரட்டு மாறவில்லை. "எல்லாம் அதே தோட்டம்தான், வேலைதான் கொஞ்சம் மாறியிருக்கு" என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஆனால் குனிந்து பட்டை சீவிய மனிதர், உளியால் மட்டையை வெட்டி, முள்ளுக்குள் கைவிட்டுக் குலையை இழுக்க வேண்டும். மரம் வளர்ந்தபின், நீண்ட கோலில் கட்டிய அரிவாளைத் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழே விழுந்த உதிரிப்பழத்தைப் பார்த்துக் குலையின் பதம் சொல்ல வேண்டும். இருபது வருடத் தொழில் அறிவு ஒரே வருடத்தில் செல்லாக் காசாகிவிட்டது. இளவட்டங்களுக்குப் பின்னால் கடைசி ஆளாக வந்து, குறைந்த கூலியோடு வீடு திரும்பினார். நான் அப்போது சிறு பையன். 'அதே தோட்டத்து வேலைதானே, அப்பாவுக்கு ஏன் முடியவில்லை?' என்று மனதுக்குள் நினைத்தேன். ஒருமுறை வாய்விட்டும் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. துடைத்து வைத்திருந்த பழைய கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துவிட்டார்.

அவருக்கு அது நீட்சி இல்லை; இரண்டாம் பாகம். முதலிலிருந்து பழக வேண்டிய புது ஆட்டம். அதை யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவுமில்லை. பழக அவகாசம் தரவுமில்லை. மாற்றம் சின்னதா பெரிதா என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. கருவியைப் பிடிக்கும் கைதான் சொல்ல முடியும். இதை நான் தெரிந்துகொள்ள, ஒரு பையனின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வேண்டியிருந்தது.

புக்கிட் ஜாலிலில் நடந்த ஆட்டம்

இன்னும் ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 2002-ல் வார்கிராஃப்ட் என்ற வரிசையில் மூன்றாம் விளையாட்டு வந்தது. 2003-ல் அதற்கு விரிவாக்கம் வந்தது. அதோடு, ஆட்டக்காரர்கள் தாங்களே களங்களை அமைத்துக்கொள்ள ஒரு கருவியும் இருந்தது. அதை வைத்துச் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்கள் சிலர் டோட்டா என்ற களத்தை உருவாக்கினார்கள். வார்கிராஃப்டில் பொன்னும் மரமும் சேர்த்து, ஊர் கட்டி, ஒரு படையையே நடத்த வேண்டும். டோட்டாவில் ஊர் கட்டும் வேலையே இல்லை. ஓர் ஆளுக்கு ஒரே ஒரு வீரன். பக்கத்துக்கு ஐந்து பேர். பழைய விளையாட்டின் வயிற்றுக்குள்ளேயே இருந்துகொண்டு, அதன் பழக்கத்தில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்ட புது ஆட்டம் அது. நம் நாட்டுச் சைபர் கஃபேக்களில் இளைஞர்கள் இராப்பகலாக ஆடியது உங்களில் பலருக்குத் தெரியும். மகனைத் தேடிப் போய் அழைத்து வந்தவர்களும் இருப்பீர்கள். 2013-ல் அது டோட்டா 2 என்று தனி விளையாட்டாக முறைப்படி வெளிவந்தது. 2018 நவம்பரில் அதன் பெரும்போட்டி ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. பரிசு 10 லட்சம் அமெரிக்க வெள்ளி.

எங்கே நடந்தது தெரியுமா? புக்கிட் ஜாலில் உள்ளரங்கில். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுப்பிய அந்த வளாகம் நிற்கும் இடம், அதற்கு முன்பு புக்கிட் ஜாலில் தோட்டம். நம்மவர்கள் உழைத்த மண். தொழிலாளிகள் விடியற்காலையில் நடந்த அதே நிலத்தில், உலகத்து இளைஞர்கள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடினார்கள். நிலம் பழசு. ஆட்டம் எவ்வளவு புதுசு, பாருங்கள்!

பெற்றோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பிள்ளை காசு கேட்கும்போது கோபப்படுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது: பழைய கேம் இல்லாமல் இது ஓடுமா? ஓடாது என்றால் அது விரிவாக்கம். விலையும் பெரும்பாலும் முழு விளையாட்டைவிடக் குறைவாகவே இருக்கும், அதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது: நீ பழகியதில் எவ்வளவு இதில் உதவும், எதைப் புதிதாகக் கற்க வேண்டும்? ஆட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கச் சொல்லுங்கள். தெளிவாக விளக்கத் தெரிந்த பிள்ளை எதையோ கற்றிருக்கிறான். விளக்கத் தெரியாவிட்டால், அவசரப்படாமல் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது: விற்பது ஆட்டமா, உடுப்பா? கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் வீரனுக்குப் புதுச் சட்டை, புது வாள் என்று விற்கிறார்கள். ஆட்டம் கடுகளவும் மாறாது. அதைவிட மோசம், உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு போட்டுத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள். பெல்ஜியம் நாடு 2018-ல் இந்த வகைப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. அதற்குக் காசு தர வேண்டாம். தராததற்குக் காரணத்தையும் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் புறப்படும்போது தகப்பனார் கீழே வரை கூட வந்தார்.

"அப்ப வாங்கிக் கொடுக்கலாமா சார்?"

"அது உங்க பையோட கணக்கு. ஆனா மகன் பொய் சொல்லலே. அது மட்டும் நிச்சயம்."

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "தோட்டத்தை விட்டு வந்தப்ப, 'கிள்ளான் என்ன தூரமா, எல்லாம் ஒண்ணுதான்'னு எங்கிட்டேயும் சொன்னாங்க சார். லோரி லைசென்ஸ் எடுக்க மூணு தடவை பரீட்சை எழுதினேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மறுவாரம் அந்தப் பையன் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டாராம். ஒரு நிபந்தனையோடு: ராஜேந்திர சோழன் கப்பல் ஏறும் கட்டம் வரும்போது அப்பாவையும் கூப்பிட வேண்டுமாம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் பிள்ளை, 'இது வேற மாதிரிப்பா' என்று சொன்னால், ஒரு நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். 'இதுல நீ என்னத்தைப் புதுசா பழகணும்?' என்று கேளுங்கள். அதே கேள்வியை, வேலை மாறி வந்த உங்கள் அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டுப் பாருங்கள். நான் என் தகப்பனாரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.